ஊரை விட்டவன் விசுவாசத்தை விட்டவனா?

"விசுவாசம் இருந்தால் ஊரை விட்டு ஓடியிருப்பார்களா?" என்று இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பார்த்துச் சிலர் கேட்பதுண்டு. வேதசாட்சிகளை நினைவுகூரும் தோட்டவெளியில் இக்கேள்வி எழுவதுதான் வேதனை. 1544இல் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்ட அறுநூறு பேரளவிலான மன்னார் மக்கள் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். பரம்பரைப் பெருமை பேச அவர்களுக்கு எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெருமை நமக்குத்தான்!

2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா நகரில் நடந்ததைக் கேளுங்கள். குயிந்துஸ் என்பவன் தானாகவே முன்வந்து, வேறு சிலரையும் தூண்டி, அதிகாரிகளிடம் தன்னை ஒப்புக்கொடுத்தான். கொடிய மிருகங்களைக் கண்டதும் நடுங்கி, பொய்த்தெய்வங்களுக்குப் பலியிட்டான். ஆயர் பொலிகார்ப்போ நண்பர்களின் சொற்கேட்டு ஒரு பண்ணைக்கு ஒதுங்கினார். தேடி வருகிறார்கள் என்றதும் இன்னொரு பண்ணைக்கு மாறினார். உங்களைப் போல அவரும் இரண்டு தரம் இடம்பெயர்ந்தவர்தான். தன்னைத் தானே ஒப்புக்கொடுப்பதை அன்றைய திருச்சபை மெச்சவில்லை. மூன்று வருடம் ஆண்டவரோடு நடந்த பேதுருவுக்கும் வாய்ப்பேச்சு ஓர் இரவு தாங்கவில்லையே.

கடைசியில் பொலிகார்ப்பைப் பிடிக்கச் சேவகர் வந்தபோது இன்னும் தப்பியோட வழி இருந்தது. அவர் ஓடவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டு, செபிக்க ஒரு மணிநேரம் மட்டும் கேட்டார்.