பசுமைக்குடில் பயிரில் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் முறை

பசுமைக்குடிலுக்குள் மழை பெய்வதில்லை. பலத்த காற்றும் வீசுவதில்லை. பூச்சிகளைத் தின்று வாழும் பொறிவண்டு போன்றவையும் எளிதில் உள்ளே வர முடியாது. ஆகவே வலையின் கிழிசல் வழியாகவோ நாற்றுடன் சேர்ந்தோ உள்ளே புகுந்த சில வெள்ளை ஈக்கள் விரைவில் பெருகிவிடும். வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து ஈயாக வளர 3 வாரங்களே போதும்.

ஓசூர் பகுதியில் குடைமிளகாய் போன்ற காய்கறிகள் பசுமைக்குடிலில் பயிரிடப்படுகின்றன. இப்பயிர்களில் பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிழமை பார்த்து மருந்து தெளித்தால் செலவு கூடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் பூச்சிகள் அதைத் தாங்கும் திறன் பெற்றுவிடும். அதேசமயம், இலை சுருண்ட பிறகு மருந்தைத் தேடுவதாலும் பயனில்லை. வாரம் ஒருமுறை பூச்சிகளை எண்ணிக் குறித்து வந்தால் இந்த இரு நஷ்டங்களையும் தவிர்க்கலாம்.

ஒட்டும் அட்டை

வெள்ளை ஈ, அசுவினி ஆகியவற்றுக்கு மஞ்சள் நிற அட்டையும், இலைப்பேனுக்கு நீல நிற அட்டையும் ஏற்றவை. மஞ்சள் வர்ணம் பூசிய தகரத்தில் விளக்கெண்ணெய் தடவியும் கட்டலாம். 100 சதுர மீட்டருக்கு ஓர் அட்டை வீதம், 25 சென்ட் குடிலுக்கு 10 அட்டைகள் தேவைப்படும். வாசல் அருகிலும் காற்று வரும் பக்கங்களிலும் தவறாமல் ஓர் அட்டை இருக்க வேண்டும். அட்டையைப் பயிரின் நுனிக்குச் சற்று மேலே கட்டி, பயிர் வளர வளர உயர்த்த வேண்டும்.

வாரந்தோறும் ஒரே கிழமையில் எண்ணுவது நல்லது. பூச்சிகள் ஏராளமாக ஒட்டியிருந்தால், அட்டையின் நடுவில் மேலிருந்து கீழாக ஓர் அங்குல அகலப் பட்டையில் உள்ளவற்றை மட்டும் எண்ணலாம். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே அளவில்தான் எண்ண வேண்டும்.

அட்டையில் ஒட்டுபவை பறக்கும் பூச்சிகள் மட்டுமே. முட்டையும் குஞ்சும் இலையில்தான் இருக்கும். ஆகவே அட்டையை மட்டும் நம்புதல் கூடாது.

செடியில் எண்ணுதல்

காலை வெயில் ஏறுமுன் வெள்ளை ஈக்கள் அதிகம் பறப்பதில்லை. அந்த நேரத்தில் குடிலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 25 செடிகளைப் பார்க்க வேண்டும். வாடிய செடிகளை மட்டும் தேடிப் பார்த்தால் கணக்கு கூடிவிடும். நடைபாதை ஓரத்துச் செடிகளை மட்டும் பார்த்தாலும் கணக்கு தவறும். மஞ்சள் சட்டை அணிந்து சென்றால் ஈக்கள் அதில் வந்து ஒட்டும். துணியுடன் வேறு பகுதிக்கும் பரவும்.

ஒவ்வொரு செடியிலும் நுனி இலை ஒன்றை மெதுவாகத் திருப்பி, அடிப்புறத்தில் உள்ள ஈக்களை எண்ண வேண்டும். முட்டையிட்ட இலை நாளடைவில் கீழே போய்விடுவதால், வளர்ந்த குஞ்சுகளைக் கீழ் இலைகளில் பூதக் கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும். இலைப்பேன் பூவுக்குள் ஒளிந்திருக்கும். வெள்ளைத் தாளின் மேல் பூவைத் தட்டினால், உதிர்ந்து ஊர்வதைக் காணலாம்.

கணக்கைப் படிக்கும் விதம்

மொத்த எண்ணிக்கையை 25 ஆல் வகுத்தால் செடிக்கு எத்தனை என்ற சராசரி கிடைக்கும். ஆனால் சராசரி மட்டும் போதாது. ஒரு குடிலில் 25 செடிகளிலும் செடிக்கு 4 ஈக்கள், மொத்தம் 100. மற்றொரு குடிலில் 2 செடிகளில் மட்டும் 50 வீதம். அங்கும் மொத்தம் 100. இரண்டிலும் சராசரி 4 தான். முதல் குடிலில் பூச்சி எங்கும் பரவிவிட்டது. இரண்டாவதில் அந்த மூலையைக் கவனித்தால் போதும். தாக்கிய இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்தி, அங்கு மட்டும் மருந்து தெளிக்கலாம். ஆகவே எத்தனை செடிகளில் பூச்சி இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

ஒரு வாரக் கணக்கைவிட வாரத்துக்கு வாரம் ஏற்படும் மாற்றமே முக்கியம். தொடர்ந்து இரண்டு வாரம் கூடினால் நடவடிக்கை தேவை. தக்காளி இளம்பயிருக்கு இவ்வாறு காத்திருத்தல் கூடாது. இலைச்சுருள் நச்சுயிரியைச் சுமந்த வெள்ளை ஈக்கள் சிலவே நோயைப் பரப்பப் போதும்.

மருந்து வேலை செய்ததா?

பூச்சியுள்ள சில செடிகளில் நாடா கட்டி அடையாளம் வைத்து, மருந்து தெளிக்கும் முன்பும், தெளித்த 3, 7 நாட்கள் கழித்தும் அவற்றிலேயே எண்ண வேண்டும். ஈக்கள் குறைந்தும் கீழ் இலையில் குஞ்சுகள் உயிருடன் இருந்தால், சில நாட்களில் புதிய ஈக்கள் வெளிவரும். எண்ணிக்கை சற்றும் குறையாவிட்டால் அதே மருந்தை மேலும் கூடுதலாகத் தெளிப்பது வீண். குறிப்பு நோட்டுடன் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரை அணுகி, வேறு வகை மருந்து பற்றிக் கேட்டறிதல் வேண்டும்.

இந்த வேலைக்கு வேண்டியவை ஒரு நோட்டு, ஒரு பூதக் கண்ணாடி, வாரத்தில் ஒரு காலைப் பொழுது. தேவையற்ற ஒரு தெளிப்பு நின்றாலே அந்தச் செலவு திரும்பிவிடும்.