லயத்துக்கு மேலே நிற்கும் மரம்

மே மாதத்தில் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று எழுந்ததும் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பகுதிகளிலிருந்து வரும் செய்திகள் ஆண்டுதோறும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வீதியில் மரம் சாய்ந்து போக்குவரத்து நின்றது; மின்கம்பி அறுந்து தோட்டம் இருளில் கிடக்கிறது; லயத்துக் கூரை நொறுங்கிக் குடும்பங்கள் தோட்டப் பாடசாலையில் தங்கியிருக்கின்றன; கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர் மீது கிளை முறிந்து விழுந்தது. இவற்றையெல்லாம் இயற்கை அனர்த்தம் என்று எழுதி முடித்துவிடுகிறோம். அந்தப் பெயர் பாதிதான் சரி. காற்று எந்த நாளில் எந்த வேகத்தில் வரும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் எந்த மரம் விழும் நிலையில் நிற்கிறது என்பதை, பெரும்பாலும் அது விழுவதற்குப் பல மாதங்கள் முன்பே, அதன் அடியில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்த ஆபத்தை வறண்ட மாதங்களில் அகற்றுவது, கவ்வாத்து வெட்டுவதையும் கான் துப்புரவாக்குவதையும் போலத் தோட்டத்தின் வருடாந்த வேலையாக வேண்டும். அதன் செலவும் பொறுப்பும் காணியை நடத்தும் நிர்வாகத்தையே சேரும். லயத்தில் குடியிருப்பவர் தலையில் அவை விழக்கூடாது.

இந்த மரங்கள் தாமாக முளைத்தவை அல்ல. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்து மலையகம் தேயிலைக்கு மாறிய பிறகு, கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் தொழிற்சாலைகளுக்கு விறகு வேண்டியிருந்தது. தேயிலைக்கு நிழலும் காற்றுத் தடுப்பும் வேண்டியிருந்தன. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மரங்கள் இரண்டுக்கும் கைகொடுத்தன. மலையகத்தார் சவுக்கு என்று சொல்லும் கிரெவில்லியா, தேயிலை மலைகளுக்கு நடுவே உயர்நிழல் மரமாயிற்று. யூகலிப்டஸ் முகடுகளிலும் வீதியோரங்களிலும் லயங்களைச் சுற்றியும் ஏறியது; பின்னர் சைப்ரஸும் பைனஸும் சேர்ந்துகொண்டன. எல்லாமே என்றும் பசுமையானவை. ஐரோப்பாவின் இலையுதிர் மரங்கள் குளிர்காலப் புயலை வெற்றுக் கிளைகளோடு எதிர்கொள்கின்றன. நம்முடையவையோ ஜூன், ஜூலைக் காற்றிலும் முழு இலைப்பாரத்தோடு, மழையில் ஊறி இளகிய மண்ணில் நிற்கின்றன. நன்கு வளர்ந்த யூகலிப்டஸ் 50 மீற்றரைத் தாண்டும். அதைவிடச் சிறிய, 30 மீற்றர் உயரமும் அடியில் 60 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்ட மரத்தின் தண்டு மட்டுமே பச்சையாக ஏறத்தாழ 3 தொன் எடை இருக்கும். தகரக் கூரை போட்ட லயத்து அறை இதைத் தாங்காது.

எந்த மரத்தைச் சந்தேகிப்பது? சாய்ந்து நிற்பதெல்லாம் ஆபத்தல்ல. சரிவில் முளைத்த மரம் இளமையிலேயே வளைந்து, பிறகு நிமிர்ந்து பல பத்தாண்டுகள் உறுதியாக நிற்கும். நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்ந்திருந்தால், மேட்டுப் பக்க மண்ணில் வெடிப்பு ஓடியிருந்தால், காற்றில் வேரடி மண் எழுந்து அமர்ந்தால், அந்த மரத்துக்கு அவகாசம் அதிகமில்லை. அடிமரத்தில் காளான் தட்டுகள் முளைத்திருப்பதும், தட்டினால் பொள்ளென்று ஒலிப்பதும், உச்சி பட்டுப்போயிருப்பதும் உள்ளே உளுத்ததைச் சொல்பவை. மலையகத்தில் இவற்றைவிட அதிகம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மரத்தின் காலடியில் மனிதர் வெட்டிய மண். வீதியை அகலப்படுத்த மண்மேட்டைச் செங்குத்தாகச் சீவும்போதும், இடம் போதாத குடும்பம் லயத்தின் பின்புறம் ஒரு குசினிக்காக மண்ணை வெட்டும்போதும், மரத்தைப் பிடித்திருந்த வேர்களில் ஒரு பக்கம் முழுவதும் போய்விடுகிறது. மேலே இலை பச்சையாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

அப்படியானால் லயங்களைச் சுற்றியுள்ள பெரிய மரங்கள் அத்தனையையும் வெட்டிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உயிர்ப்பயத்தில் எழும் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் மலையகத்தில் மரத்தைவிடப் பெரிய ஆபத்து மண். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயங்களை மூடியது மேலிருந்து வந்த சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவுகளே பேரழிவைச் செய்தன. வெட்டிய மரத்தின் வேர் உடனே மண்ணைக் கைவிடுவதில்லை. அது மெல்ல அழுகுகிறது. புதுக்கன்றின் வேர் பலம் பெறுவதற்கு முந்திய அந்தச் சில ஆண்டுகளே சரிவுக்கு மிகப் பலவீனமான காலம். நியூசிலாந்தின் கிழக்குக் கரையில் 1988இல் போலா புயல் மலைகளை அரித்த பின், மண்ணைப் பிடிக்க பைன் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. அவை முற்றியதும் பரப்புப் பரப்பாக வெட்டப்பட்டன. 2023 பெப்ரவரியில் கேப்ரியல் புயல் வந்தபோது, வெட்டிய சரிவுகளிலிருந்து மண்ணும் கழிவு மரங்களும் ஆறுகளில் இறங்கிப் பாலங்களை அடைத்தன. ஒரு முகட்டை ஒரே பருவத்தில் மொட்டையடிப்பது லயத்துக்கு ஓர் ஆபத்தை நீக்கி இன்னோர் ஆபத்தை வைப்பதாகும்.

இதைக் காட்டி, மரம் மண்ணைப் பிடிக்கிறது, ஆகவே ஒன்றையும் தொடாதே என்று வாதிடுவதும் தவறு. வேர்த்தட்டு எழுந்துவிட்ட மரம் மண்ணைப் பிடிப்பதை நிறுத்திவிட்டது. காற்றில் ஆடும் ஒவ்வொரு முறையும் அது மண்ணைத் திறந்து மழைநீரை உள்ளே விடுகிறது. விழும்போது வேரோடு ஒரு குழியையும் பறித்துக்கொண்டு போகிறது. ஆகவே மரம் மரமாகப் பார்த்து, ஆபத்தானதை மட்டும் தெரிந்தெடுத்து வெட்ட வேண்டும். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கக்கூடாது. இங்கே இனம் அறிந்து வேலை செய்வது மிகவும் உதவும். யூகலிப்டஸ் கட்டையிலிருந்து துளிர்க்கும். வேர் உயிரோடிருந்து மண்ணைப் பிடிக்கும், துளிர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறிதாக இருக்கும்போதே விறகுக்கு வெட்டிக்கொள்ளலாம். பைனஸும் சைப்ரஸும் அப்படித் துளிர்ப்பதில்லை. முதிர்ந்த சவுக்கும் அடிக்கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்ப்பதில்லை. அவற்றை வெட்டும் இடத்தில் உயரம் குறைந்த, வேர் பரப்பும் மரங்களை முன்கூட்டியே நட்டு, மேட்டில் கான் வெட்டி மழைநீரைத் திசைதிருப்பிய பிறகே வாளை எடுக்க வேண்டும்.

வெட்டும் முறைக்கு வருவோம். திறந்த வெளியில் விழுத்தப்படும் மரத்துக்கு இரண்டு வெட்டுகள் வேண்டும். விழவேண்டிய பக்கத்தில் விட்டத்தின் கால்பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு வாய். பின்பக்கத்திலிருந்து அதை நோக்கி ஒரு வெட்டு. இரண்டும் சந்திக்கவே கூடாது. நடுவில் விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் நிற்க வேண்டும். மரத்தைத் திசைமாறாமல் சாய்க்கும் கீல் அதுதான். அதை அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பப்படி விழும். பெரிதும் சாய்ந்த மரத்தை இந்தச் சாதாரண முறையில் வெட்டினால், கீல் உருவாகும் முன்பே தண்டு நெடுகப் பிளந்து வெட்டுபவரை நோக்கி எழும். அது அனுபவசாலி மட்டுமே தொடக்கூடிய வேலை. மரம் சாயத் தொடங்கியதும் பின்பக்கமாகக் கோணலான திசையில் விலகி ஓட, முன்கூட்டியே வழி துப்புரவாக்கியிருக்க வேண்டும். மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்துக்குள் வேறு எவரும் நிற்கக்கூடாது. சரிவில் பள்ளப் பக்கம் முழுவதுமே ஆபத்து வலயம், ஏனென்றால் அறுபட்ட தண்டு உருளும். கயிறு கட்டி இழுப்பதும் பாதுகாப்பாகிவிடாது: மரத்தைவிடக் குட்டையான கயிற்றை இளைஞர்கள் கூடி இழுத்தால், மரம் விழுவது இழுப்பவர்கள் மீதுதான்.

லயத்துக்கு மேலே நிற்கும் மரத்துக்கு விழ இடமே கிடையாது. அதை உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். இடுப்புவாரும் தலைக்கவசமும் அணிந்து ஏறத் தெரிந்தவர், கீழே கயிற்றைப் பிடிக்கத் தெரிந்தவர், அருகில் மின்கம்பி இருந்தால் மின்சார சபை இணைப்பைத் துண்டித்த உறுதி ஆகியவை இல்லாமல் தொடங்கக்கூடாது. வேலை முடியும் வரை லயமும் பிள்ளைக்காம்பராவும் காலியாக இருக்க வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவர்களையும் சேர்த்தே சொல்கிறேன். அறுத்த கிளைகளைக் கானிலோ ஓடையிலோ தள்ளக்கூடாது. அடுத்த மழையில் அவை நீரை மறித்துச் சரிவுக்குள் திருப்பும்.

இவ்வளவு எதற்கு, உச்சியை மட்டும் தறித்துவிட்டால் போதும் என்பது பலரின் யோசனை. அது இரண்டு ஆண்டு நிம்மதி. தறித்த வாயில் உளுப்பு இறங்குகிறது. அதே வாயிலிருந்து எழும் புதுக்கிளைகள் தண்டின் மேற்பட்டையில் மட்டுமே ஒட்டிக்கொண்டு வேகமாக நீண்டு, பழைய கிளையைவிட எளிதில் முறிகின்றன.

செலவுதான் உண்மையான தடை. 1972க்கும் 1975க்கும் இடையில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. லயத்தில் தலைமுறைகளாக வாழும் குடும்பத்துக்கு மண்ணிலும் உரிமையில்லை, மரத்திலும் உரிமையில்லை. அனுமதியின்றி வெட்டினால் குற்றம், வெட்டாவிட்டால் கூரை. இந்த நிலையில் இருப்பவரிடம் மரம் வெட்டும் கூலியைக் கேட்பது நியாயமாகாது. தோட்டம் இலாபத்தில் இல்லை என்று நிர்வாகம் சொல்லலாம். ஆனால் இதே யூகலிப்டஸ் மின்கம்பமாகவும் ரயில் சிலிப்பர்க் கட்டையாகவும் மரஆலைப் பலகையாகவும் விலைபோகும் மரம். தோட்டங்கள் மரம் விற்று வருமானம் பெறுகின்றன. விற்கும் மரத்தின் வருமானத்தில் ஒரு பங்கை, விலைபோகாத ஆபத்தான மரத்தை இறக்க ஒதுக்குவது பெரிய தியாகம் அல்ல. நாள்கூலிக்கு ஓர் இளைஞனைப் பிடித்து ஏற்றிவிடுவது மலிவாகத் தெரியும். அவன் விழுந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டத்தைக் காட்டி உரிமை கேட்க, அவனை வேலைக்கு எடுத்தவர் யார் என்பதற்குக்கூட ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. 2023 ஒக்டோபர் 6இல் கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது மரம் விழுந்து 5 பேர் இறந்தபோது நாடே மரங்களைப் பற்றிப் பேசியது. தோட்டத்து மரத்துக்கும் அதே கவனம் உரியது.

அனுமதி கிடைக்கத் தாமதமாகும் என்பதும் உண்மையே. அதனால்தான் கோரிக்கை காற்றுக்கு முன் போக வேண்டும். மரத்தின் படம், வேரடி வெடிப்பின் படம், லயத்திலிருந்து அதன் தூரம் ஆகியவற்றோடு தோட்ட முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். ஒரு பிரதி கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று பிரதேச செயலாளருக்கு. சரிவிலேயே வெடிப்பு இருந்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பொலிஸுக்குப் போகலாம்: விழுந்து தீங்கு செய்யக்கூடிய மரத்தை அகற்றும்படி உத்தரவிட நீதவானுக்கு 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அதிகாரம் தருகிறது. மரம் அசையத் தொடங்கிவிட்டால் கடிதத்துக்காகக் காத்திராமல் வீட்டை விட்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். மலையகத்தின் மேற்குச் சரிவில் வாள் எடுக்க ஏற்ற வறண்ட காலம் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரைதான். கடிதம் அதற்கு முன்பே முகாமையாளரின் மேசையில் இருக்கட்டும்.