உவர்நீர் குடித்த லொறி

தீவகத்தாருக்குத் தண்ணீர் இருவகை. குடிக்கும் தண்ணீர் ஒன்று. மற்றைப் பாவனைக்குரிய தண்ணீர் மற்றொன்று. முற்றத்துக் கிணற்றில் நீர் நிறைந்திருக்கவும், குடத்தோடு வேறிடம் தேடிச் செல்வதே பலருடைய வாழ்வு. இந்த வேறுபாட்டை மனிதர் அறிவர், ஆடுமாடுகளும் அறியும். ஒரு லொறியும் அதனை அறியும் என்பதைச் சென்ற ஆவணி விடுமுறையிலேதான் நான் கற்றுக்கொண்டேன்.

என் தமக்கையாரின் கணவர் வேலணையில் தண்ணீர்ப் பவுசர் ஒன்று வைத்துத் தொழில் செய்கிறார். கோடை முதிர்ந்து கிணறுகள் உவர்த்துவிட்ட வீடுகளுக்கு நன்னீர் கொண்டுபோய் ஊற்றுவது அவர் வேலை. ஒரு நாள் காலையில் புங்குடுதீவுக்குப் புறப்பட்டவரோடு நானும் ஏறிக்கொண்டேன். வாணர் தாம்போதியின் நடுவே சென்றபோது முன்மூடியின் கீழிருந்து வெண்புகைபோல் ஆவி எழுந்தது. இரு மருங்கும் கடல். பின்னே தொட்டி நிறைய நன்னீர். முன்னே தண்ணீரின்றித் தவிக்கும் எஞ்சின்!

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ஒரு வாளி நீர் விட்டு, இடையிடையே நின்று நின்று, காத்திருந்த வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்த பின்னரே அத்தான் வீடு திரும்பினார். றேடியேற்றரின் அடியில் வெடிப்பு. முற்காலத்துப் பித்தளை, செம்பு றேடியேற்றராயின் பற்றாசு வைத்து அடைத்துவிடலாம். இதுவோ அலுமினியத் தகடும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டது, மாற்றுவதே வழி. யாழ்ப்பாணத்துக் கராச்சுக்கு லொறியை இழுத்துச் செல்லப் பணமும் வேண்டும், நாட்களும் வேண்டும். அதுவரை அந்த வீட்டார் எதனைக் குடிப்பர்? வேறொன்றை வாங்கி வந்து வீட்டு வேப்பமரத்தடியில் தாமே பூட்டுவதென்று தீர்மானித்தார். 1990க்குப் பின் உதிரிப்பாகங்கள் வராது, மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில் பழகிய கை அவருடையது. நெடுந்தீவில் இவ்வாறு நேர்ந்திருந்தால் அந்தப் பாகம் குறிகட்டுவானிலிருந்து படகேறிக் கடல் கடந்திருக்க வேண்டும். அந்த வகையில் நாங்கள் பாக்கியசாலிகளே.

மறுநாள் விடியலில் வேலை தொடங்கிற்று. "சூடாயிருக்கேக்கை மூடியிலை கை வைக்கப்படாது, தம்பி" என்பதே அவர் கூறிய முதற் பாடம். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கி, நீர் கொதிக்கும் வெப்பநிலையை உயர்த்தி வைக்கிறது. திறந்ததும் அழுத்தம் வீழ, நீர் ஒரே கணத்தில் பொங்கி முகத்தைச் சுட்டுவிடும். அடித் திருகைத் திறந்து எஞ்சிய நீரை வடித்தோம். மேலும் கீழுமுள்ள றப்பர்க் குழாய்களைக் கழற்றி, விசிறியைச் சுற்றிய காப்பை நீக்கி, ஆணிகளை எடுத்து, இருவருமாகப் பழையதைத் தூக்கி வெளியே வைத்தோம்.

அதனை அறுத்துப் பார்த்தபோது திகைத்தேன். குழாய்களின் உட்புறமெங்கும் வெண்படிவு. நம் வீட்டுக் கேத்தலின் அடியில் ஒட்டியிருக்கும் அதே சுண்ணாம்பு!

"இது ஓடித் தேயேல்லை, தம்பி, உப்புக் குடிச்சுச் செத்தது" என்றார் அத்தான்.

இத்தனை காலமும் வீட்டுக் கிணற்று நீரையே அதற்கு விட்டு வந்திருக்கிறார்.

"பின்னாலை நிறைய நல்ல தண்ணி இருக்க, அதிலை ஒரு வாளி விட்டிருக்கலாமே, அத்தான்?"

"அது சனத்தின்ரை தண்ணி."

அந்த விடைக்கு முன்னே நான் வாயடைத்து நின்றேன்.

எமது நிலம் சுண்ணக்கல். மழைநீர் அதனூடே இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. அந்த நீர் சூடேறினால் கரைந்தது மீண்டும் கல்லாகிப் படிகிறது. உப்போ உலோகத்தை அரிக்கிறது. தீவுகளின் நிலத்தடி நன்னீர் கடலுவரின் மேல் மிதக்கும் மெல்லிய வில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உவர் அத்தனை அடி ஏறிவரக்கூடும். இக்கணக்கைக் கூறியோருள் பாடொன் கைபென் என்ற ஒல்லாந்தரும் ஒருவர். வேலணைக்கு லெய்டன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் ஊர்ப் பெயர்களை இட்டவர்களும் ஒல்லாந்தரே!

றேடியேற்றரின் வரலாறும் நீர்ச் சிக்கனத்தின் வரலாறுதான். 1900ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 8,070 நுண்குழாய்களைத் தேன்கூடுபோல் இணைத்து ஒன்றை அமைத்தார். முன்னர் 18 லீற்றர் நீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லீற்றர் போதுமானதாயிற்று. வழி நுண்ணியதாக ஆக, சூடு விரைவில் ஆறும். ஆனால் சிறு படிவும் அதனை அடைத்துவிடும். சிக்கனத்தின் விலை தூய்மை.

புதியதைப் பூட்டி முடிந்தது. எதனை ஊற்றுவது? நன்னீர்க் கிணற்றிலும் சுண்ணாம்பு உண்டு, மழைநீரே சிறந்தது. அக்கா சென்ற மாரியில் கூரைநீரை மூடிய தொட்டியில் சேர்த்து வைத்திருந்தார். கிணற்று நீரில் வேகாத பருப்பு அதில் வேகும். அதனைக் கேட்க அத்தானுக்கு மனம் வரவில்லை. அக்கா தாமே இரண்டு குடம் மொண்டு வந்தார்.

"அதுக்கு நல்ல தண்ணி குடுக்காட்டில், நாளைக்கு எங்களுக்கு ஆர் கொண்டந்து தாறது?"

துருவைத் தடுக்கும் கூலன்றை மழைநீரோடு கலந்து மெல்ல மெல்ல ஊற்றினோம். அத்திரவம் இனிப்பானது, நஞ்சும் ஆனது. ஆதலால் சிந்தியதை நாயும் ஆடும் நக்காதபடி உடனே துடைத்தோம். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டதும் காற்றுக் குமிழிகள் வெளியேறி நீர்மட்டம் தாழ்ந்தது. மீண்டும் நிரப்பி மூடினோம். ஒழுக்கு இல்லை, சூடுகாட்டும் முள்ளும் தன்னிடத்தில் நின்றது.

அன்று மாலையே பவுசர் தாம்போதியைக் கடந்தது. பிறருக்கென்று சுமப்பவர் தமக்கென ஒரு மிடறும் கொள்ளாதிருப்பதை அறம் என்று போற்றுகிறோம். அந்த அறத்தில் சுமப்பவரே வீழ்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. தாகம் தீர்ப்பதற்கும் தாகம் உண்டு என்பதை, பருப்பு வேகவைக்கும் நீரைக் கொடுத்த ஒரு குடும்பப் பெண் எங்கள் இருவருக்கும் முன்னதாக உணர்ந்திருந்தார்.