புதுமீன் வெடிப்பும் காமாக் கதிரும்

ஒளி குன்றிக் கிடந்த வானத்தின் ஓரிடத்தில் திடீரென ஒரு மீன் சுடர்விடுவதுண்டு. முன்னை நாள் வான்நூலார் அதனைப் புதிதாய்ப் பிறந்த மீன் என எண்ணி 'நோவா' என்றனர். இலத்தீன் மொழியில் அச்சொல் 'புதியது' எனப் பொருள்படும். உண்மையில் அங்கே பிறப்பு எதுவும் நிகழ்வதில்லை. மூத்துச் சுருங்கிய ஒரு விண்மீனின் மேற்பரப்பே வெடிக்கின்றது.

இவ்வெடிப்பிற்கு இரு மீன்கள் வேண்டும். ஒன்று, எரிபொருள் தீர்ந்த வெண்குறுமீன். பூமியளவே பருமனாயினும் ஞாயிற்றை ஒத்த திணிவுடையது. மற்றையது அதன் துணைமீன். துணையின் ஐதரசன் வாயுவை வெண்குறுமீன் ஈர்த்துத் தன்மேற் போர்த்துக்கொள்கின்றது. போர்வை தடித்து, அழுத்தமும் வெப்பமும் மிகவே, அணுக்கருத் தாக்கம் மூண்டு வாயு வெளியே வீசப்படுகின்றது. வெண்குறுமீனோ அழிவதில்லை, மீண்டும் சேர்க்கத் தொடங்குகின்றது.

இவ்வெடிப்பு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியினும் பல கோடி மடங்கு சத்தி வாய்ந்த காமாக் கதிரையும் வீசும் என்பது அண்மைக் காலத்திலேயே தெரியவந்தது. அக்கதிரை வளிமண்டலம் தரைக்கு வரவிடாது; சாதாரண ஆடியாற் குவித்தலும் இயலாது. ஆகவே 2008 ஆம் ஆண்டு யூன் மாதம் 'பேர்மி' என்னும் தொலைநோக்கி விண்ணில் ஏவப்பட்டது. அதனுள் தங்குதன் தகடுகளும் சிலிக்கன் உணரிகளும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. தகட்டிற் படும் காமாக் கதிர் மறைந்து, ஓர் இலத்திரனும் ஒரு பொசித்திரனுமாக மாறுகின்றது. அவை செல்லும் சுவட்டைச் சிலிக்கன் அடுக்குகள் பதிவு செய்கின்றன. சுவட்டைப் பின்னோக்கி நீட்டினால், கதிர் வந்த திசை புலனாகும்.

2010 ஆம் ஆண்டு மார்ச் மாதம் யப்பானிய வான்நோக்கர் அன்ன மண்டலத்தில் ஒரு நோவாவைக் கண்டனர். அத்திசையிலிருந்து காமாக் கதிர் வருவதைப் பேர்மி காட்டிற்று. அங்கே துணைமீன் ஒரு செம்பெருமீன். அது ஓயாது வீசும் அடர்ந்த வாயுவில் வெடிப்பலை மோதித் துணிக்கைகளை முடுக்கியதே காரணம் என்றனர்.

இவ்விளக்கத்திற்கு 2012 ஆம் ஆண்டிலே சோதனை வந்தது. செம்பெருமீன் துணையில்லாத நோவாக்களும் காமாக் கதிர் வீசின. அவற்றுள் ஒன்று, வானில் ஞாயிற்றை அண்டி நின்றமையால், யூன் மாதத்திற் காமாக் கதிரில் அகப்பட்டும், ஓகஸ்ட் மாதத்திலேயே ஒளியிற் காணப்பட்டது. சூழ அடர்ந்த வாயு இல்லாதவிடத்து அலை எதில் மோதும்? வெடிப்பு எல்லாப் பொருளையும் ஒரே வேகத்தில் வீசுவதில்லை. முன்னே மெல்லச் செல்வதைப் பின்னே விரைந்து வருவது மோதுகின்றது என்பதே கண்ட விடை.

2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 'ஆர். எஸ். ஒபியூக்கி' வெடித்தது. காமாக் கதிர் வளிமண்டலத்தைத் தாக்குங்கால் எழும் நீல ஒளிச் சிமிட்டைக் கொண்டு, நமீபியாவிலும் லா பால்மாத் தீவிலும் உள்ள தொலைநோக்கிகள் மேலும் உயர்ந்த சத்தியுள்ள கதிர்களைக் கண்டன.

பூமிமீது இடையறாது பொழியும் அண்டக் கதிர்கள் எவ்வாறு முடுக்கப்படுகின்றன என்பது நெடுநாளைய வினா. பெருவெடிப்புற்ற சூப்பர்நோவாவின் எச்சங்களில் அம்முடுக்கம் நூற்றாண்டுகள் நீடிக்கும். நோவாவிலோ, சில வாரங்களுள் தொடக்கமும் முடிவும் காணலாம். சிறிய வெடிப்பின் பெரும் பயன் அதுவே.