சாய நீரைத் தெளிவாக்கும் காந்தப் பூஞ்சை

ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி, முல்லையாற்று மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்பு மணிகள் அப்பிக்கொள்ளும். அவற்றுள் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு உண்டு. இதே பொருளைக் கொண்டு சாயக் கழிவுநீரைத் தெளிய வைக்கலாம் என்றால் நம்புவீர்களா?

நம் தேனி மாவட்டத்தில் ஆண்டிப்பட்டியை அடுத்த சக்கம்பட்டி நெசவுக்குப் பெயர் பெற்றது. நூலுக்குச் சாயம் ஏற்றும் இடத்திலெல்லாம், ஏறாத சாயம் கழிவுநீரோடு போய்விடும். அது ஆற்றில் மிகுந்தால் சூரிய ஒளி நீருக்குள் புகாது. நீர்த்தாவரங்களால் உணவு தயாரிக்க இயலாது. திருப்பூரில் நொய்யல் ஆறு சாயக் கழிவால் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது.

ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட், ஒரே செல்லால் ஆன பூஞ்சை. அதன் செல்சுவரில் சாய மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். செல் இறந்திருந்தாலும் ஒட்டும். ஆனால் செல்லின் அகலம் சுமார் 5 மைக்ரான்தான். சாயத்தைப் பிடித்த செல்களை நீரிலிருந்து எப்படிப் பிரிப்பது? வடிகட்டினால் துளைகள் அடைபடும். தானே படிய விட்டால் நேரமாகும்.

செக் நாட்டு விஞ்ஞானிகள் இவோ ஷாஃபரிக், மிர்கா ஷாஃபரிகோவா ஆகியோரின் குழு ஒரு வழி கண்டது. மேக்னடைட் நுண்துகள்கள் கலந்த காந்தத் திரவத்தை, பீர் வடிக்க உதவும் ஈஸ்டுடன் சேர்த்தனர். செல்லைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய அத்துகள்கள் செல்லின்மேல் படிந்தன. இந்த ஈஸ்டைச் சாய நீரில் கலக்கி, சற்று நேரம் கழித்துப் பாத்திரத்தின் பக்கத்தில் காந்தம் வைத்தால், செல்கள் அங்கே திரண்டு நிற்கும். தெளிந்த நீரை வடித்துக்கொள்ளலாம். 2005-ல் வெளியான ஆய்வின்படி, உலர்ந்த காந்த ஈஸ்ட் 1 கிராம், அனிலின் நீலம் என்ற சாயத்தைச் சுமார் 220 மில்லிகிராம் வரை பிடித்தது. மற்றச் சாயங்களில் அளவு வேறுபட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். காந்தம் சாயத்தை இழுப்பதில்லை. சாயத்தைச் சுமக்கும் ஈஸ்டைத்தான் இழுக்கிறது. சாயம் அழிவதுமில்லை, இடம்தான் மாறுகிறது. ஒட்டிய சாயத்தைப் பிறகு தனியே அகற்றவேண்டும். மேலும், சாயம் ஏற்றுவதற்காகச் சேர்க்கும் உப்பு நீரிலேயே நின்றுவிடும். நொய்யல் கரை வயல்களைக் கெடுத்ததில் அந்த உப்புக்கும் பெரும்பங்கு உண்டு.

ஆகவே நீர் தெளிந்ததும் தூய்மையாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். முல்லையாறு வைகையில் கலக்கிறது. வைகை அணை நீரை மதுரை மக்கள் குடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பை எவ்வாறு பிரிக்கலாம்? வகுப்பில் ஆசிரியரோடு பேசிப் பாருங்கள்!