தலை எந்தப் பக்கம்?

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஓர் உயிர் போனால், பெரியவர் ஒருவர் உடனே வேட்டித் துணியைக் கீற்றாகக் கிழிப்பார். ஒரு கீற்றால், வாய் திறவாதபடி தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு. இன்னொன்றால் இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டுவார். இதில் சுணக்கம் கூடாது. மூச்சு நின்றதும் தசைகளில் ஏடிபி என்கிற ஆற்றல் மூலக்கூறு தீரத் தொடங்குகிறது. அது இல்லாமல், சுருங்கிய தசையிழைகள் பிடியை விடுவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடை விறைக்கிறது, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுவதும். திறந்தபடி விறைத்த வாயை மூடுவது பெரும்பாடு. அந்தப் பெரியவரின் கைக்கு இந்தக் கணக்குத் தெரியும்.

பிறகு கிடத்துவது. இந்துக்களின் குழியில் தலை தெற்கே, எமன் திசையில். அடுத்துள்ள முஸ்லிம் மையவாடியில் தலை வடக்கே: இலங்கையிலிருந்து மக்கா ஏறக்குறைய மேற்கில் இருப்பதால், வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தால் முகம் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கும். கிறிஸ்தவச் சவக்காலையின் பழைய மரபில் கால் கிழக்கே. கிறிஸ்து திரும்பி வரும் நாளில் எழுந்தால் அவரை நேருக்கு நேர் பார்க்கலாம்.

இந்த அக்கறை மிகப் பழையது. கென்யாவின் பாங்கா யா சைதி குகையில் சுமார் 78,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட குழந்தையை 2021இல் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். இரண்டரை, மூன்று வயது இருக்கும். வலப்பக்கமாக, முழங்கால் மடக்கிக் கிடந்தது. தலை சாய்ந்திருந்த விதம், அடியில் மட்கிப்போகும் ஏதோ ஒன்று தலையணையாக இருந்திருக்கலாம் எனக் காட்டியது. தோள் எலும்பு திரும்பியிருந்த விதம், மேலுடலை இறுக்கிச் சுற்றியிருந்ததை. தலையணையும் போர்வையும் மண்ணாகிவிட்டன, வைத்த விதம் மட்டும் எலும்பில் தங்கிவிட்டது. ஆதிச்சநல்லூரில் தாழிக்குள் ஒடுக்கி வைத்தார்கள். 1980இல் அகழ்ந்த யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் நீட்டிக் கிடத்தியிருந்தார்கள். எப்படியானாலும், ஒருவர் தாமாகக் கிடப்பதும் பிறர் கிடத்துவதும் வேறு வேறு என்பதை எலும்பு சொல்லிவிடுகிறது.

2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. நாடிக்கட்டுக்கும், குளிப்பாட்டலுக்கும், வாய்க்கரிசிக்கும், தலையைத் தெற்கே வைப்பதற்கும் ஓர் உடல் வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்ததில் இதை நான் சிறிய இழப்பாக நினைக்கவில்லை. சேற்றுக் குழம்பு போன போக்கில் விட்டுச் சென்ற கிடையில், தொட்டுத் திருத்திய கை ஒன்றும் இல்லை.

இப்படி ஒரு நிலை வரும் என்று பழைய சடங்குகளுக்குத் தெரிந்திருக்கிறது. இஸ்லாத்தில், உடல் எதிரே இல்லாத ஜனாஸாவுக்கும் தொழுகை உண்டு. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷிக்கு நபிகள் தொலைவிலிருந்தே தொழுதார். கருடபுராணம் 360 பலாசக் காம்புகளால் ஓர் உருவம் செய்யச் சொல்கிறது. தலைக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்று உறுப்பு உறுப்பாக எண்ணி வைத்து, அதற்குத்தான் கொள்ளி வைக்க வேண்டும்.