மறுப்புக் கடிதம் முடிவன்று

பட்டாளத்திலிருந்து திரும்பியவருக்குக் கால் போயிருந்தால் ஊரார் கண்ணுக்குத் தெரிகிறது. மனம் புண்பட்டிருந்தால் தெரிவதில்லை. இரவெல்லாம் உறங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரையும், வேட்டுச் சத்தம் கேட்டதும் நடுங்கி எழுபவரையும், "குடியால் கெட்டவர்" என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். இவை நோயின் குறிகளாக இருத்தல் கூடும். சேவையில் நேர்ந்த காயத்திற்குப் போலவே, சேவையால் வந்த மனநோய்க்கும் ஊனப் பென்ஷன் உண்டு.

அதனைப் பெறுவதற்கு நோய் படைச் சேவையால் உண்டானதாகவோ, சேவையால் மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும். ஊனத்தின் அளவு 20 சதவீதத்திற்குக் குறையலாகாது. இதனை நிர்ணயிப்பது, படையை விட்டு விலகும்போது கூடும் மருத்துவக் குழு. எலும்பு முறிவின் காரணம் எளிதில் விளங்கும். மனநோயைப் பற்றியோ, "பிறவி இயல்பால் வந்தது, சேவைக்குத் தொடர்பில்லை" என்று ஓரிரு வரியில் எழுதிவிடுவதுண்டு. அந்த வரியைக் கொண்டே பென்ஷன் மறுக்கப்படுகிறது. ஆகவே மேல்முறையீடு செய்பவர் எதிர்த்து வாதிட வேண்டியது பெரும்பாலும் அந்த வரியைத்தான்.

இதற்குத் துணையான தீர்ப்புகள் உள்ளன. வலிப்பு நோயால் விலக்கப்பட்ட தரம்வீர் சிங் என்பவரின் வழக்கில், 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு 1982-ஆம் ஆண்டு விதிகளை ஆராய்ந்தது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையேல், அவர் உடல் நலத்தோடும் மன நலத்தோடும் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும்; சேவைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று காட்டும் பொறுப்பு சர்க்காரையே சாரும் என்று கூறிற்று. மனச்சிதைவு நோயால் 1998-ல் விலக்கப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில், காரணம் கூறாத மருத்துவக் குழு அபிப்பிராயத்தைக் கொண்டு பென்ஷனை மறுத்தல் ஆகாது என்று 2025-ல் தீர்ப்பளித்தது. ஆனால் விதிகள் 2008-லும் 2023-லும் மாற்றி எழுதப்பட்டுள்ளன. எனவே, விலகிய நாளில் எந்த விதி அமலில் இருந்தது என்பதை முதலில் கேட்டறிதல் அவசியம்.

அடுத்து, காகிதங்களைத் திரட்டுதல் வேண்டும். சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனைத் தாள், ராணுவ ஆஸ்பத்திரிச் சீட்டுகள், எல்லையிலும் பனிமலையிலும் பணியாற்றிய விவரம், மருத்துவக் குழு அறிக்கையின் நகல் ஆகியவை முக்கியமானவை. கிடைக்காதவற்றை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கோரலாம்.

பின்னர் மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்திற்குள், அதில் கண்ட அதிகாரிக்கு முதல் மேல்முறையீட்டை அனுப்ப வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீடு உண்டு. அதன் பிறகு, 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையை அணுகலாம். அங்கும் ஆறு மாதக் கெடு உண்டு. தகுந்த காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படலாம். வழக்கறிஞர் மூலமாகவோ, நேரில் தாமாகவோ வாதிடலாம். பென்ஷன் மாதந்தோறும் எழும் உரிமையாதலால், தாமதத்தினால் நிலுவைத் தொகை குறையுமேயன்றி உரிமை அடியோடு போய்விடாது.

மனம் நொந்தவர் இத்தனை படிகளையும் தனியே ஏறுதல் அரிது. மறுப்புக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மௌனமாய் இருப்பவர் நம் ஊரிலும் இருக்கலாம். பஞ்சாயத்து அங்கத்தினர் அவர் வீட்டுக்குச் சென்று அக்கடிதத்தை வாங்கிப் படித்து, தேதியைக் குறித்துக்கொண்டு, அவரை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். சிகிச்சைக்கும் வழி செய்தல் வேண்டும். நாட்டைக் காத்தவரைக் காப்பது ஊரின் கடமையாகும்.